கணினிச் சுவடிகளும் மெய்நிகர்ப் பொறியும்

1. தோற்றுவாய்

பழைய ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பெற்றிருக்கும். எனினும் பயிற்சியுடையார் இடம் நோக்கி எழுத்தைத் துணிந்து படிப்பர். ஏடும் கண்ணும் எழுத்தறிவும் இருப்பின் படித்தல் இயலும். கணினியில் எழுதிவைக்கப்பெற்ற சுவடிக்கு இம்மூன்றும் போதா. அதனை எழுதிய மென்பொருளும், அதற்குரிய எழுத்துருவும், அவற்றைத் தாங்கும் இயங்குதளமும், அவ்வியங்குதளத்தை ஏற்கும் பொறியும் உடன் வேண்டப்படுகின்றன. இவற்றுள் ஒன்று மறையினும், எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும்.

1980களின் பிற்பகுதி முதலாகச் சொல்லடைவுகள், ஆய்வேடுகள், பாட வேறுபாட்டுப் பட்டியல்கள், கள ஆய்வுப் பதிவுகள் முதலியன எம்.எஸ்.-டாஸ், விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகிய தளங்களில் தமிழாய்வாளரால் எழுதப்பெற்றன. அச்சேறியவை நிலைத்தன, அச்சேறாதவை நெகிழ்வட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் தங்கிவிட்டன. அவற்றைத் திறந்து படித்தற்கு மெய்நிகர்ப் பொறி எங்ஙனம் துணையாகின்றது, அதனை அமைக்குமாறு யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எழுத்தும் குறியெண்ணும்

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கின்றது. எவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்னும் உடன்பாடே குறியீட்டுமுறை எனப்படும். ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் குடும்பத்தில் அது இயல்பாகக் கையாளப்பெற்றது விண்டோஸ் 2000 வந்த பின்னரே. அதுவரை எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியே தாம், தாப் என்னும் இரு தரங்கள் வகுக்கப்பெற்றன. திஸ்கி என்னும் முறையும் வழங்கியது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும், முன்னர் எழுதிய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ‘தமிழ்’ என்னும் சொல் அதன்கண் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நான்கும் அரைப்புள்ளி ஒன்றுமாகச் சேமிக்கப்படுகின்றது. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துத் தொடரே.

இத்தகைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உள. அவற்றைக் கொண்டே பணியை முடித்துவிடலாகாதோ எனின், ஆகாது என்க. தட்டச்சுப்பொறி வழிவந்த எழுத்துருக்கள் சிலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே குறியெண்ணைப் பெறுகின்றன. ஆதலின் ‘கௌவை’ என்பதன் முதலும் ‘கெளிறு’ என்பதன் முதலும் கோப்பில் வேறுபாடற்றன. கருவி ஒருதலையாகத் துணியின், ‘வெள்ளி’ என்பது ‘வௌ்ளி’ எனவும், ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ எனவும் சிதையும்; மறுதலையாகத் துணியின் ‘கௌவை’ என்பது ‘கெளவை’ ஆகிச் சொல்லடைவில் இடம் மாறிப்போகும். ரகர மெய்யையும் ‘ரி’ என்பதனையும் கால் குறியைக்கொண்டே எழுதிய வழக்கும் உண்டு. அங்கும் ‘ர’ எது, கால் எது என்று கருவி மயங்குதல் கூடும். ஏட்டைப் பார்த்து எழுதுவோர் செய்யும் பிழையினின்றும் இது வேறுபட்டதன்று. பெயர்த்தெழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கல் வேண்டும். மூலத்தை அது தோன்றிய உருவிலேயே காண்டற்குப் பழைய தளம் வேண்டும்.

பழைய எழுத்துருவை இன்றைய கணினியில் நிறுவினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். எளிய உரைக்கோப்பாயின் பலகாற் போதும். ஆனால் மறைந்துபோன சொற்செயலியின் கோப்பாயின், அச்செயலியே வேண்டும். அக்காலச் செயலிகள் பல 16 பிட்டு வகையின. 64 பிட்டு விண்டோஸ் அவற்றை இயக்குவதில்லை. அன்றியும் 160, 173 ஆகிய குறியிடங்களைப் புதிய மென்பொருள்கள் வெற்றிடமாகவும் மறைந்துநிற்கும் சொற்பிரிகோடாகவும் கொள்ளுதலின், அவ்விடங்களில் நின்ற தமிழெழுத்துத் திரையில் மறைந்துபோதலும் கூடும்.

3. மெய்நிகர்ப் பொறி

ஒரு கணினியினுள் மென்பொருளால் ஆக்கப்பெற்ற மற்றொரு கணினியே மெய்நிகர்ப் பொறி. அதற்கெனச் செயலி, நினைவகம், வன்தட்டு, திரை யாவும் உள. அவை புறத்தே நிற்கும் மெய்க்கணினியிடமிருந்து பகுத்துக் கொடுக்கப்பெற்றவை. உள்ளே இயங்கும் தளத்தை அகத்தளம் என்றும், வெளியே இயங்குவதனைப் புறத்தளம் என்றும் ஈண்டுக் குறிப்போம்.

இக்கருத்துப் புதியதன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்சு அறிவியல் மையத்தில் இது உருப்பெற்றது, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரால் வெளிவந்தது. 1974இல் போபெக், கோல்டுபர்கு என்னும் இருவர் இதற்கு மூன்று இலக்கணம் வகுத்தனர்: உள்ளே இயங்கும் நிரல் மெய்ப்பொறியில் இயங்குவது போன்றே இயங்கல், வளங்கள் யாவும் மேற்பார்வை நிரலின் ஆட்சியில் நிற்றல், பெரும்பாலான கட்டளைகளைச் செயலியே நேரே இயற்றுதலின் விரைவு குன்றாமை. மூன்றாவதனைக் கைவிட்டுப் பழைய செயலியையே முற்றும் மென்பொருளாற் போலச் செய்யும் முறையும் உண்டு; அது மெதுவானது, ஆயினும் எவ்வகைக் கணினியிலும் இயலும். விர்ச்சுவல்பாக்ஸ் முன்னைய வகையைச் சார்ந்தது. கியூஇஎம்யு இரு வகையிலும் இயங்கவல்லது.

4. முன்னேற்பாடு

முதற்கண் சுவடியைக் காத்தல் வேண்டும். நெகிழ்வட்டின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளை திறந்திருக்குமாறு செய்தால் அதன்மேல் எழுதுதல் தடுக்கப்படும். பின்னர், யு.எஸ்.பி. வழி இணையும் வட்டியக்கி கொண்டு வட்டு முழுமையையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்தல் வேண்டும். இனிச் செய்யும் பணியெல்லாம் அப்படிமத்தின் படியிலேயே நிகழ்தல் முறை.

விண்டோஸ் 98 தளத்தின் குறுந்தகடும் 25 எழுத்துள்ள உரிமக் குறியும் தேவை. அத்தளத்திற்கான ஆதரவு 2006 சூலை 11இல் முடிந்தது. ஆயினும் பதிப்புரிமை முடிந்திலது. ஆதலின் துறையிடம் முன்னரே உள்ள உரிமம் பெற்ற படியைப் பயன்படுத்துதலே தக்கது.

5. அமைக்கும் முறை

விர்ச்சுவல்பாக்ஸில் புதிய பொறியொன்றைத் தோற்றுவித்து, வகை விண்டோஸ் 98 எனத் தெரிவு செய்க. நினைவகம் 128 மெகாபைட்டு போதும். மிகுதி நன்றெனக் கருதி 512 மெகாபைட்டுக்கு மேற் கொடுப்பின் அகத்தளம் தடுமாறும். நினைவகம் மிக்கிருந்தும் போதவில்லை எனக் கூறி நின்றுவிடுதலும் உண்டு. செயலி ஒன்றே தருக. வன்தட்டு 4 கிகாபைட்டு அளவில், ஐ.டி.இ. வகை இணைப்பில் அமைக. நெகிழ்வட்டு இயக்கியும் குறுந்தகட்டு இயக்கியும் சேர்த்துக்கொள்க. வலையிணைப்பைத் துண்டித்து வைத்தல் இன்றியமையாதது. 2006க்குப் பின் பாதுகாப்புத் திருத்தம் பெறாத தளம் இணையத்தில் உலவுதல் தகாது.

குறுந்தகட்டின் படிமத்தையோ தொடக்க நெகிழ்வட்டின் படிமத்தையோ இட்டுப் பொறியைத் தொடங்கினால் கட்டளைத்திரை தோன்றும். எஃப்டிஸ்க் என்னும் கட்டளையால் வன்தட்டில் பகுதி வகுத்து, பொறியை மீளத் தொடங்கி, ஃபார்மட் கட்டளையால் அப்பகுதியை ஒழுங்குசெய்து, பின்னரே செட்டப் கட்டளையை இடுதல் வேண்டும். மீளத் தொடங்காது அடுத்த கட்டளையை இடின் புதிய பகுதி அறியப்படாது. இம்மூன்றும் மெய்நிகர் வன்தட்டின் மேலனவேயாதலின் புறத்தளத்திற்கு ஊறு நேருமோ என அஞ்சவேண்டுவதில்லை.

நிறுவல் முடிந்தபின் திரை 16 நிறங்களோடும் சிறிய அளவோடும் தோன்றும். இந்நிலையில் எழுத்தின் வடிவு தெளிவாகத் தோன்றாது. பொதுவகைத் திரை இயக்கி மென்பொருளொன்றை நிறுவிக்கொள்ளல் வேண்டும். புறத்தளத்திற்கும் அகத்தளத்திற்கும் இடையே கோப்புகளை எளிதிற் பகிரும் துணைமென்பொருள் விண்டோஸ் 98க்கு விர்ச்சுவல்பாக்ஸில் இல்லை. ஆதலின் சிறு கோப்புகளை 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டுப் படிமத்தாலும், பெரியவற்றைக் குறுந்தகட்டுப் படிமத்தாலும் உட்செலுத்துக. வெளிக்கொணர்தற்கும் நெகிழ்வட்டுப் படிமமே உதவும்.

எழுத்துருக்களையும் சொற்செயலியையும் விசைப்பலகை இயக்கியையும் நிறுவியபின் பொறியின் அந்நிலையைப் பதிவுசெய்து வைக்க. பின்னர் எது பழுதுபடினும் அந்நிலைக்கு நொடியில் மீளலாம். மெய்யான பழங்கணினியில் இவ்வசதி இல்லை.

6. ஒப்புநோக்கல்

சுவடியைப் பழைய செயலியில் திறந்து பக்கந்தோறும் திரைப்படிமம் எடுத்துக்கொள்க. அப்படிமமே மூலச்சான்று. கருவி மாற்றித் தந்த ஒருங்குறிப் பாடத்தை அதனோடு ஒப்பிடுங்கால், ஔகாரம், ரகரம், வடவெழுத்து, தமிழ் எண், அடிக்குறிப்பு எண் ஆகிய இடங்களை முதலில் நோக்குதல் நலம். மயக்கம் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே நிகழும். ஐயத்திற்குரிய இடத்தைத் தம் கருத்தின்படி திருத்தாது குறித்துவைத்தல் பதிப்பு முறையோடு ஒத்தது. பாடத்தின் இறுதியில் எழுத்துருவின் பெயர், செயலி, இயங்குதளம், மாற்றிய கருவி, மாற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்தல், ஏட்டின் வரலாற்றைப் பதிப்புரையில் கூறுதற்கு நிகராம்.

7. எல்லையும் முடிபும்

இம்முறைக்கும் எல்லை உண்டு. அக்கால மென்பொருள்கள் சில கணினியின் பின்புறத்தே செருகும் பூட்டுக்கருவியின்றி இயங்கா. அக்கருவி தொலைந்ததாயின் மெய்நிகர்ப் பொறியாற் பயனில்லை. இன்டெல் வகையல்லாத ஏ.ஆர்.எம். செயலியுள்ள கணினிகளில் பழைய தளத்தைப் போலச் செய்யும் முறையாலேயே இயக்கவியலும். இவையனைத்தினும் மேலாக, வட்டின் காந்தப்பூச்சு அழிந்தபின் எப்பொறியும் உதவாது.

ஆதலின் காலத்தாழ்வு தகாது. மெய்நிகர்ப் பொறியை இன்னும் பத்தாண்டு கழித்தும் அமைக்கலாம். வட்டு அதுவரை காத்திராது. துறைதோறும் உள்ள வட்டுகளுக்கு முதலில் படிமம் எடுத்தலும், விண்டோஸ் 98 தாங்கிய பொறியொன்றை அமைத்து அதன் படியைப் பல இடங்களில் வைத்தலும், மாணாக்கர் இருவருக்கேனும் இப்பயிற்சி அளித்தலும் உடனடிக் கடமைகள் எனக் கருதுகின்றோம். ஓலையைச் செல்லரித்தமைக்குக் காலத்தைக் காரணங் காட்டலாம். நம் காலத்தே எழுதப்பெற்று நம் பேழையிலேயே கிடக்கும் சுவடி அழியுமாயின், அக்குறை நம்மையே சாரும்.