குறி காலில் இருக்கிறது

2018இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, பஃபலோ பில்ஸ் அணி ஏழாவது ஆளாக ஜாஷ் ஆலனை எடுத்தது. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஆறடி ஐந்து அங்குல உயரம். தோளில் அசாத்திய பலம். ஆனால் வயோமிங் பல்கலைக்கழகத்துக்காக அவர் எறிந்த பாஸ்களில் நூற்றுக்கு 56தான் சேர வேண்டிய கையில் சேர்ந்திருந்தன. உடல் பலத்தைக் கூட்டலாம், ஆட்டத்தைப் படிக்கப் பழக்கலாம், குறியை மட்டும் கற்றுத்தர முடியாது என்று அந்த ஆட்டத்தில் ஊறிய பலர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். முதல் ஆண்டில் ஆலன் எடுத்த 52.8 சதவீதம் அவர்கள் சொன்னதை மெய்யாக்கியது. மறு ஆண்டு அது 58.8 ஆயிற்று. 2020இல் 69.2.

ஆலனைப் போலப் பந்தெறியும் இளம் குவார்ட்டர்பேக் ஒருவரின் குறி தேறுமா என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களைக் காட்டி ‘தேறும்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் எது தேறியது, எப்படித் தேறியது என்று பார்த்தால்தான் பதினான்கு வயதுப் பையனுக்கோ அவனுடைய பயிற்சியாளருக்கோ அதில் பயன் உண்டு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் பந்து இரு முனையும் கூம்பியது. பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, முன்னால் எறிவதா, எறிந்தால் யாருக்கு என்பது அவர் பொறுப்பு. எதிரணியின் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். ஏறக்குறைய மூன்று வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். பந்தை வாங்கவேண்டிய ரிசீவர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். அவர் தோளை உரசியபடி எதிரணித் தடுப்பாளர் ஒருவரும் ஓடுவார். பந்து ரிசீவரின் கைக்கு எட்ட வேண்டும், தடுப்பாளரின் கைக்கு எட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது பல நேரங்களில் ஒரு முழம் இடைவெளிதான்.

பந்து கையை விடும் கோணம் ஒரே ஒரு பாகை பிசகினால், 20 கெஜம் தள்ளி அது சுமார் 32 செ.மீ. விலகியிருக்கும். 40 கெஜத்தில் விலகல் 64 செ.மீ. ஆகிவிடும். விரல் நுனியில் நேரும் சின்னப் பிசகு, மறுமுனையில் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிடும்.

அந்தப் பந்தே ஒரு விந்தையான பொருள். தொழில்முறை ஆட்டத்தில் அதன் நீளம் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது 400 கிராமை ஒட்டி. ஒரு பக்கம் தையல் வார் புடைத்திருக்கும். விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும். நல்ல எறியில் பந்து தன் நீளவாக்கு அச்சில் நிமிடத்துக்குச் சுமார் 600 முறை சுழலும். இதை ஸ்பைரல் என்கிறார்கள். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை மாற்றாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் மேல்நோக்கி எறிந்த பந்து, மூக்கை மேலே தூக்கியபடியே கீழிறங்க வேண்டும். ஆனால் நன்றாக எறிந்த பந்தின் மூக்கு, பாதை வளைய வளையத் தானும் வளைந்து, இறங்கும்போது கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. இந்தப் புதிருக்குத் திமொத்தி கே, ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2020இல் தெளிவான விளக்கம் தந்தார்கள். எதிர்க்காற்று பந்தின் மூக்கை மேலே தள்ளப் பார்க்கிறது. பந்து சுழன்றுகொண்டிருப்பதால், தள்ளிய பக்கம் சாயாமல், பம்பரம் தலையாட்டுவதுபோல, மூக்கு பயணத் திசையைச் சுற்றிச் சிறு வட்டமிடுகிறது. திசை கீழே வளையும்போது அந்த வட்டமும் கூடவே வளைகிறது.

குறிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. விரல்களிலிருந்து பந்து சுத்தமாக உருண்டு விடுபட்டால் அந்த வட்டம் கண்ணுக்கே தெரியாது. அச்சு ஒரு பக்கமும் வேகம் இன்னொரு பக்கமுமாக விடுபட்டால் பந்து தள்ளாடும். காற்று அதைக் கூடுதலாகப் பிடித்து இழுக்கும். எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழும். ஆகவே சிறுவர்களுக்கு முதலில் பழக்க வேண்டியது தூரம் எறிவது அன்று, பந்தைச் சுத்தமாக விடுவது. ஆட்காட்டி விரல் கடைசியாகப் பந்தை விட வேண்டும். அதற்குப் பந்து கைக்குள் அடங்க வேண்டும். பெரியவர்களின் பந்தைப் பத்து வயதுக் குழந்தையிடம் கொடுத்தால், அதை விரல்களால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் ஏந்தி, முழங்கையைத் தாழ்த்தித் தள்ளத்தான் அது கற்றுக்கொள்ளும். வயதுக்கேற்ற சிறிய பந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் பெருமைக்காகப் பெரிய பந்தை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. அந்த வயதில் படிந்த கையசைவைப் பின்னால் அழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு, அதற்கு வருகிறேன்.

எறிதல் கையில் தொடங்குவதில்லை. வலக்கை ஆட்டக்காரராக இருந்தால் வலக்கால் தரையை உந்துகிறது, இடக்கால் முன்னே பதிகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பிறகே தோள் திரும்புகிறது, கடைசியில் கை சுழன்று வருகிறது. தரையில் பிறந்த விசை ஒவ்வொரு மூட்டாக ஏறி விரலுக்கு வருகிறது. இந்த வரிசையில் கீழே எது பிசகினாலும் கை அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். இடப்பாதம் குறிக்குக் குறுக்கே பதிந்தால் இடுப்பு முழுமையாகத் திறக்காது. கை உடம்பின் குறுக்கே எறிய நேரும். காலை மிக அகலமாக வைத்தால் உடல் எடை பின்னாலேயே தங்கிவிடும்; பந்து ரிசீவரின் தலைக்கு மேல் பறக்கும். பல பையன்களிடம் ‘கையை நேராக வை’ என்று கத்தும் பயிற்சியாளர்கள், அவர்கள் பாதம் எங்கே பதிகிறது என்று பார்ப்பதே இல்லை.

ஆலனின் சிக்கலில் பெரும்பங்கு இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. தோளில் அவ்வளவு பலம் இருந்ததால், கால் எப்படி நின்றாலும் பந்தை வெகுதூரம் வீச அவரால் முடிந்தது. பலம் குறைந்த பையன் வேறு வழியில்லாமல் கால்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வான். ஆலனுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. முன்னாள் குவார்ட்டர்பேக் ஜார்டன் பாமருடன் சேர்ந்து, போட்டிகள் இல்லாத மாதங்களில் கால் வைக்கும் விதத்தையும் உடல் திரும்பும் வரிசையையும் திருத்தினார். அசைவுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, எந்த மூட்டு எப்போது திரும்புகிறது என்று அளந்தும் பார்த்தார்கள்.

இதற்கு முன்னோடி ட்ரூ பிரீஸ். 2003இல் சான் டியேகோ அணியில் 57.6 சதவீதம் எடுத்து, இடையில் அணியிலிருந்து உட்கார வைக்கப்பட்டவர். அடுத்த ஆண்டு அணி அவர் இடத்துக்கென்றே பிலிப் ரிவர்ஸ் என்ற புது ஆளைக் கொண்டுவந்தது. பிரீஸ் நாடிப் போனது டாம் ஹவுஸிடம். ஹவுஸ் கால்பந்துக்காரரே அல்லர். பேஸ்பாலில் பந்து எறிபவராக இருந்து, பின் எறிதலின் உடலியக்கத்தை ஆராய்ந்து கற்பித்தவர். எந்தப் பந்தாக இருந்தாலும் எறியும் உடலின் வரிசை ஒன்றே என்பது அவர் பாடம். 2004இல் பிரீஸின் விகிதம் 65.5க்கு ஏறியது, எதிரணியின் எல்லைக்குள் பிடிபட்டுப் புள்ளி தரும் டச்டவுன் பாஸ்கள் 11இலிருந்து 27 ஆயின.

இப்போது அந்தச் சாட்சி. கல்லூரி ஆட்டத்தில் நாடே கொண்டாடிய டிம் டீபோ, 2011இல் டென்வர் அணிக்காக எறிந்த 271 பாஸ்களில் 126 மட்டுமே சேர்ந்தன, 46.5 சதவீதம். பந்தை இடுப்புவரை தாழ்த்தி, பெரிய வளையமாகச் சுழற்றி எறியும் வழக்கம் அவருடையது. உழைப்பிலோ மன உறுதியிலோ அவரிடம் குறை காண முடியாது. பின்னாளில் அவரும் அதே டாம் ஹவுஸிடம் பயிற்சி பெற்றார். 2015இல் ஃபிலடெல்ஃபியா அணி எடுத்துப் பார்த்து, ஆட்டக்காலம் தொடங்கும் முன்பே விடுவித்தது. கால் வைப்பதையும் உடல் நிலையையும் வளர்ந்த பிறகும் திருத்தலாம். சிறுவயதிலிருந்து ஆயிரக்கணக்கான எறிகளில் ஊறிய கைச்சுழற்சியைத் திருத்துவது வேறு வேலை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். எதிராளி இல்லாமல் எறியும்போது புதிய அசைவு வரும். ஆள் பாய்ந்து வரும் கணத்தில் பழையதே தலைதூக்கும்.

காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது நேரம் காட்டுவது. எழுபதுகளின் தொடக்கத்தில் சின்சினாட்டி அணியில் பில் வால்ஷ் என்ற பயிற்சியாளரிடம் விர்ஜில் கார்ட்டர் என்ற குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தார். கார்ட்டரின் கையில் பலம் போதாது. வால்ஷ் ஆட்டத்தையே அவருக்கேற்ப மாற்றினார். நீண்ட எறிகளைக் குறைத்து, குறுகிய பாஸ்களைக் கணக்கிட்ட நேரத்தில் எறியவைத்தார். குவார்ட்டர்பேக் பின்வாங்கும் அடிகள் மூன்றா, ஐந்தா என்பது ரிசீவர் ஓடும் பாதையின் நீளத்தோடு பிணைக்கப்பட்டது. கடைசி அடி ஊன்றியதும் பந்து போக வேண்டும். ரிசீவர் இன்னும் திரும்பியே இருக்கமாட்டார். 1971இல் கார்ட்டர் 62.2 சதவீதத்தோடு முழுத் தொடரிலும் முதலிடம் பிடித்தார். சற்று முன்னர், 1970இல், பெரும் கைபலம் கொண்ட டெரி பிராட்ஷாவின் முதல் ஆண்டு விகிதம் 38.1. பார்வையாளர்கள் ‘குறி தவறிவிட்டது’ என்று உச்சுக்கொட்டும் எறிகளில் பல, உண்மையில் அரை வினாடி தாமதமான எறிகள்.

இதனால்தான் சதவீதத்தை மட்டும் வைத்துக் குறியை அளப்பதை நான் நம்புவதில்லை. ரிசீவர் நழுவவிட்ட பந்தும், வேண்டுமென்றே வெளியே வீசிய பந்தும் எறிந்தவர் கணக்கில்தான் தவறாக ஏறும். எட்டடி தள்ளி எறிவதும் நாற்பது கெஜம் எறிவதும் அங்கே ஒன்றே. ஆலனின் 2020ஆம் ஆண்டு உயர்விலும் ஸ்டெஃபான் டிக்ஸுக்குப் பங்கு உண்டு. அவ்வாண்டு பஃபலோவுக்கு வந்த அந்த ரிசீவர் 127 பாஸ்களைப் பிடித்துத் தொடரிலேயே முதல்வரானார். எனினும் 2021 முதல் 2024 வரை, பயிற்சியாளர்களும் கூட்டாளிகளும் மாறிய பிறகும், டிக்ஸ் விலகிய பிறகும், ஆலனின் விகிதம் ஓராண்டுகூட 63க்குக் கீழே இறங்கவில்லை. கற்றது உடம்பில் தங்கிவிட்டது.

பழகும் முறை பற்றியும் ஆராய்ச்சிகள் சிலவற்றைச் சொல்கின்றன. 1978இல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுக் குழந்தைகளைச் சிறு மூட்டைகளைக் குறிபார்த்து எறியவைத்தார்கள். ஒரு கூட்டம் மூன்றடித் தொலைவில் மட்டும் பழகியது. இன்னொரு கூட்டம் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறி மாறிப் பழகியது, மூன்றடியைத் தொடவே இல்லை. சோதனை மூன்றடியில் நடந்தபோது, மாற்றிப் பழகிய குழந்தைகளே துல்லியமாக எறிந்தார்கள். களத்து விளையாட்டுகளில் இந்த விளைவு ஆய்வறையில் தெரியும் அளவுக்கு வலுவாக எப்போதும் வருவதில்லை. ஆனாலும் ஒரே இடத்தில் நின்று, ஒரே வலைக்கு, நூறு பந்து எறியும் பயிற்சியை விட, தூரமும் திசையும் மாற, ஓடும் ஆளுக்கு எறியும் ஐம்பது எறி மேல் என்றே நான் சொல்வேன். எறியும் கணத்தில் முழங்கையை நினைக்காமல் போய்ச்சேர வேண்டிய இடத்தை நினைப்பதும் உதவும். கவனத்தை உடம்பின் மீது வைக்காமல் செயலின் விளைவின் மீது வைத்தால் அசைவு சீராகிறது என்று காப்ரியேலே வுல்ஃபும் அவர் சகாக்களும் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். திருத்தங்களைப் பயிற்சியின் தொடக்கத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, எறியும்போது வாயை மூடிக்கொள்ளும் பயிற்சியாளர் கிடைத்த பையன் கொடுத்துவைத்தவன்.

வளரும் வயதுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். ஓராண்டில் திடீரென்று உயரும் பையனுக்குக் கைகால் நீளம் மாறிவிடுவதால், முன்பு இருந்த குறியும் சில மாதம் கெடலாம். அந்த நேரத்தில் அவனை வேறு இடத்துக்கு மாற்றி ஆடவைப்பது அநியாயம். இரண்டாவது, தோள் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடாத வயதில் அளவுக்கு மீறி எறிந்தால் அது நைந்துபோகும். பேஸ்பால் ஆடும் சிறுவர்களிடம் மருத்துவர்கள் இதை அடிக்கடி காண்கிறார்கள். தோளில் வலி என்றால் அன்றைக்கு எறிவதை நிறுத்திவிட்டுப் பந்தில்லாமல் கால் வைக்கும் பயிற்சியை மட்டும் செய்யலாம். அதில் நட்டமில்லை.

பிரீஸுக்கு 2005 ஆட்டக்காலத்தின் கடைசிப் போட்டியில் எறியும் தோளே கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். அந்தக் கை கடைசி ஆண்டுகளில் நீண்ட எறிகளுக்கு வலுவிழந்திருந்தது. 2018இல், 39 வயதில், அவர் எறிந்த 489 பாஸ்களில் 364 சேர்ந்தன. 74.4 சதவீதம், அதுவரை யாரும் ஓராண்டில் எட்டாத அளவு.