வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலையா? பிசிசி வாங்குவது எப்படி? முழு விவரம்

வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று இல்லாவிட்டால் விசா சிக்கலாகிவிடும். திருவண்ணாமலையில் இருப்பவர்கள் இதை எப்படி வாங்குவது?

எது சரியான சான்று?

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும் சரிபார்ப்புச் சான்று வேறு. பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி வேறு. விசாவுக்குக் கேட்பது பிசிசி. குழப்பமே இங்கதான்!

எப்படி விண்ணப்பிப்பது?

* பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிவு செய்து, எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும்.

* கட்டணம் 500 ரூபாய். ஆன்லைனில் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுக்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

* 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலைய பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பிசிசிக்கு விண்ணப்பிக்கலாம்.

* ஒரிஜினல் பாஸ்போர்ட், நகல், வேலை ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருங்க.

போலீஸ் விசாரணை

தேவைப்பட்டால் உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு விசாரணை போகும். பழைய வழக்கு இருந்தால் மறைக்காதீங்க. விடுதலையாகியிருந்தால் தீர்ப்பு நகலைக் காட்டுங்க.

அப்போஸ்டில் வேண்டுமா?

பல நாடுகள் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையையும் கேட்கும். 2023 நவம்பர் 7 முதல் சீனாவும் அப்போஸ்டிலை ஏற்கிறது. இந்த உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால், அதன் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும்.

எப்போது வாங்கணும்?

ரொம்ப முன்கூட்டியே வாங்கினால் வீணாகலாம். பல நாடுகள் 6 மாதத்துக்குள் வாங்கிய சான்றைத்தான் ஏற்கும். ஏற்கெனவே வேறு நாட்டில் வசித்திருந்தால், அந்த நாட்டுச் சான்றும் கேட்கலாம்.

‘எல்லாம் நாங்களே முடிச்சுத் தர்றோம்’ என்று ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால், அரசு கட்டணம் 500 ரூபாய்தான் என்பதை மறக்காதீங்க.