காலநிலை மாநாடுகள் ஏன் இழுபடுகின்றன?

காலநிலை மாநாடு என்றாலே வருடாவருடம் கூடிக் கலையும் கூட்டம்தானே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இழுபறிக்கான காரணங்களில் ஒன்று நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1992 இல் ரியோவில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை கையொப்பத்துக்கு வந்தது. 1995 இல் பெர்லினில் முதலாவது மாநாடு கூடியபோது, தீர்மானங்களை வாக்கெடுப்பில் நிறைவேற்றலாமா என்பதில் இணக்கம் வரவில்லை. பெரும்பான்மை வாக்கு போதும் என்றால் தாம் தோற்றுவிடுவோம் என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் அஞ்சின. சவூதி அரேபியா அவற்றில் முக்கியமானது. அன்று வரைவாக விடப்பட்ட அந்த விதி இன்னும் வரைவாகவே கிடக்கிறது. எனவே ஏறத்தாழ 200 தரப்புகளும் இணங்கினால்தான் முடிவு.

எல்லோருடைய மறுப்புக்கும் ஒரே எடை என்று நினைத்துவிடாதீர்கள். 2010 இல் கான்கூனில் பொலிவியா தனித்து எதிர்த்தது. தலைமை வகித்த மெக்சிகோ அதனைப் பொருட்படுத்தாமல் முடிவை அறிவித்தது. 2021 இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை 'ஒழித்தல்' என்ற சொல்லை 'குறைத்தல்' என மாற்றுமாறு இறுதி நேரத்தில் இந்தியா கேட்டது, சீனாவும் ஆதரித்தது. மாற்றினார்கள்.

இந்தத் தாமதத்தின் விலையை யார் கொடுப்பது? கடல்மட்டம் உயர்வதால் ஏற்படும் இழப்புகளுக்கு ஒரு நிதியம் வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991 இலேயே முன்மொழிந்தது. இழப்புகளுக்கான நிதியத்துக்கு இணக்கம் கிடைத்தது 2022 இல், ஷார்ம் அல்-ஷெய்க்கில். அதே வருடம் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தனர். அழிவும் பொருளாதார இழப்பும் சேர்த்து 30 பில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. மறுவருடம் டுபாயில் உலகம் முழுவதற்குமான அந்த நிதியத்துக்கு வாக்களிக்கப்பட்டது சுமார் 700 மில்லியன் டொலர்தான்!

இதனை மேற்குலகின் துரோகம் என்று மட்டும் எழுதுவது நமக்கு வசதியானது. பணம் தராதது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாகிஸ்தானும் பங்களாதேஷும் மாலைதீவும் மூழ்கும்போது, எண்ணெய் பற்றிய வாசகங்களை நீர்த்துப்போகச் செய்வோரில் நமது சகோதர நாடுகளும் இருக்கின்றன. ஜும்ஆ மேடைகளிலும் நமது பத்திரிகைகளிலும் இது ஏன் பேசப்படுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இணக்கம் வராதபோது நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் முடிவெடுக்கலாம் என்று 2011 இல் பப்புவா நியூகினியும் மெக்சிகோவும் ஒரு திருத்தத்தை முன்வைத்தன. அதுவும் பல வருடங்களாக அடுத்த மாநாட்டுக்கு, அடுத்த மாநாட்டுக்கு என்று தள்ளிப்போடப்பட்டே வந்தது.