பட்டப்பகலில் ஒரு விளக்கு

பேஷ்வாவின் சேனையை 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கட்கிப் போரில் வென்ற ஆங்கிலேயர், தங்கள் துருப்புகளை இருத்துவதற்கென்று பழைய நகரத்துக்குக் கிழக்கே வகுத்துக்கொண்ட பாசறைதான் இன்று புனே ஜனங்களின் வாயில் 'கேம்ப்' என்று வழங்கும் வட்டாரம். அகன்ற சாலைகளும், அவற்றின்மேல் கவிந்து நிற்கும் முதிய மரங்களும், 1867ஆம் ஆண்டில் சிவந்த செங்கல்லால் எழும்பி 'லால் தேவள்' என்று பெயர்பெற்ற யூதர் ஜெபாலயமும், பந்தயக் குதிரைகளுக்கு மாத்திரமின்றிக் காலையில் நடப்போருக்கும் ஓடுவோருக்கும் இடந்தரும் ரேஸ் கோர்ஸும் அதன் அடையாளங்கள். தேகாப்பியாசம் ராணுவ வாழ்வின் நித்திய கருமமாகையால், அந்தப் பழக்கம் சிப்பாய்களோடு நில்லாமல் ஊராரையும் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. சற்றுத் தொலைவில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய ராணுவ விளையாட்டுக் கழகம் இருக்கிறது. அங்குள்ள மைதானத்துக்கு, ஈட்டி எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் பெயரை 2021இல் சூட்டினார்கள்.

இத்தகைய ஊரில், வருஷக்கணக்காகப் பாடுபட்டுச் சரீரத்தைத் திருத்திக்கொண்ட ஒருவர் அதை ஒரு நல்ல படமாகக் காண ஆசைப்படுவது இயல்பே. ஆசையும் புதிதன்று. ஜெர்மானிய பலசாலி யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து போனபின், அவருடைய தேகக்கட்டும் புகைப்படங்களும் இந்நாட்டு இளைஞர்களின் மனத்தில் ஆழப் பதிந்தன. சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் 'சாண்டோ' என்ற பட்டத்தைக் கடைசிவரை பெயரோடு சுமந்தார். பெங்களூரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய கே. வி. ஐயர் 1930இல் 'மஸில் கல்ட்' என்ற நூலை வெளியிட்டு, கிரேக்கச் சிலைகளின் பாவனையில் தாமே நின்று எடுத்துக்கொண்ட படங்களின் மூலம் தம் சித்தாந்தத்தை விளக்கினார். அக்காலத்துப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னணி ஸ்டூடியோவின் வெறுந்திரையே. இன்றைய ஓட்டக்காரரோ தாம் ஓடும் சாலையும், அதன் மரமும், அதற்கு மேலுள்ள ஆகாயமும் தம்மோடு படத்தில் இருக்கவேண்டும் என்கிறார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

ஆனால் வெளியில் வந்தவுடனே சங்கடமும் தொடங்குகிறது. நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து பொழியும்போது நெற்றியும் தோளும் வெளுத்துப்போக, கண்கள் இருண்ட குழிகளாகின்றன. அதற்கு அஞ்சி மரநிழலில் நிறுத்தினாலோ, உடல் சுமாராகத் தெரியும் அளவுக்குக் காமிராவைத் திறக்கும்போது பின்னால் உள்ள ஆகாயம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. நம் கண் இரண்டையும் ஒருங்கே காணவல்லது. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் அவ்வளவு இல்லை. இந்தக் குறையை நிரப்பவே, கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஃபிளாஷ் விளக்கைப் பட்டப்பகலில் ஏற்றுகிறார்கள்.

விளக்கு எதற்கு என்று கேட்டால், இருட்டை ஓட்டுவதற்கு என்று யாரும் சொல்வார்கள். தசையைப் படமெடுப்பவனுக்கு அது நேர்மாறான காரியத்துக்கும் வேண்டியிருக்கிறது. கோயில் மண்டபத்துத் தூண்களில் உள்ள புடைப்புச் சிற்பங்களை நேர்வெளிச்சத்தில் பார்த்தால் கல் மட்டுமே தெரிகிறது; மாலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து தூணைத் தடவிச் செல்லும் சில நிமிஷங்களில்தான், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சாயை விழுந்து, யாளியின் விலாவும் வீரனின் தொடையும் உயிர்பெறுகின்றன. மனித சரீரத்துக்கும் அதே விதிதான். விளக்கைக் காமிராவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாய்ச்சினால் எத்தனை வருஷ உழைப்பும் தட்டையாகிவிடும். ஆளின் பக்கத்திலோ, சற்றுப் பின்னாலோ, தோளுக்கு மேல் உயர்த்தியோ வைத்தால் வயிற்றுத் தசைகளின் இடையே கோடுகள் தோன்றும், புஜத்தின் விளிம்பில் ஓர் ஒளிக்கீற்று ஓடி அதைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும். முகத்துக்கு மட்டும் வேறொரு விளக்கு, பெரிய சாஃப்ட்பாக்ஸ் துணியின் வழியே மிருதுவாக வந்தால் போதும்.

வித்தையின் மர்மம் ஒன்றை இங்கே விளக்கியாகவேண்டும். ஃபிளாஷின் வெளிச்சம் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகச் சொற்பமான பொழுதில் பிறந்து மடிந்துவிடுவது; ஆகவே ஷட்டர் இருநூறில் ஒரு பங்கு வினாடி திறந்திருந்தாலும், ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். வெயிலோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். இதனால் ஆகாயத்தை இருளச் செய்யவும் வெளுக்கச் செய்யவும் ஷட்டரும், உடலின் பிரகாசத்தை ஏற்றவும் இறக்கவும் ஃபிளாஷின் வலிமையுமாக, ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்களைத் தனித்தனியே ஆளமுடிகிறது. லென்ஸின் துவாரமாகிய அப்பர்ச்சர் இரண்டுக்கும் பொது. ஷட்டரை இஷ்டம்போல் விரைவாக்கிவிடவும் முடியாது. பெரும்பாலான காமிராக்களில் இருநூறில் அல்லது இருநூற்றைம்பதில் ஒரு பங்கைத் தாண்டினால் திரை முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திராது, படத்தில் கருப்புப் பட்டை விழும். ஹைஸ்பீடு சிங்க் என்ற உபாயம் அந்த எல்லையைத் தாண்ட உதவுகிறது. ஆனால் அதற்காக ஃபிளாஷ் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் சிரமம் விளங்கும். தெளிந்த வெயிலில், காமிராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 என்றால், ஷட்டர் நூறில் ஒரு பங்கும் அப்பர்ச்சர் எஃப் 16ம் பொருந்தும் என்பது பழைய சூத்திரம். ஆகாயம் ஒருபடி இருண்டு நீலம் தூக்கலாக வேண்டுமானால் ஷட்டரை இருநூறில் ஒரு பங்காக்கி எஃப் 16லேயே நிற்கவேண்டும். வலிமையைக் குறிக்கும் கைடு நம்பர் 32 உள்ள சிறு ஃபிளாஷை அந்த அப்பர்ச்சரால் வகுத்தால் கிடைப்பது 2 மீட்டர். அதற்கப்பால் அதன் ஒளி எட்டாது. சாஃப்ட்பாக்ஸ் துணி பாதிக்கு மேல் விழுங்கிவிட்டால் ஒரு மீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். முழு ஆளையும் எடுக்கும் படத்தில் விளக்கும் ஓர் ஓரத்தில் வந்து நிற்கும்! தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற இயற்கை விதிக்கு யாரும் விலக்கில்லை. ஆகவேதான் லித்தியம் பாட்டரியில் இயங்கும் 400, 600 வாட்-செகண்டு விளக்குகளைச் சுமந்து வருகிறார்கள். அல்லது, சிறு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, வெயில் தணியும்வரை கேம்பின் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு டீக்கடையில் காத்திருக்கிறார்கள். பின்னவர்களே புத்திசாலிகள் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு பெரிய வெளிச்சம் தோளில் தொங்கும் பைக்குள் அடங்கியது நேற்றைய சமாசாரம். 1887இல் ஜெர்மனியில் மக்னீஷியப் பொடியைக் கொளுத்திப் புகையும் நெடியுமாகப் படமெடுத்தார்கள். 1929இல் ஒருமுறைக்கு ஒன்றாக எரிந்துபோகும் பல்புகள் வந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1931 முதல் வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, வேண்டியமட்டும் திரும்பத்திரும்ப மின்னும் விளக்கைச் சமைத்தார். அவர் படமெடுத்த டென்னிஸ், கோல்ப் வீரர்களின் வீச்சு, கண்ணால் காணமுடியாத பல நிலைகளாகப் பிரிந்து ஒரே தகட்டில் நிற்கிறது. இன்று கேம்பில் கயிறு தாண்டும் ஒருவரின் வியர்வைத்துளி அந்தரத்தில் நிற்கும்படி எடுப்பவர் எட்ஜர்டனுக்குக் கடன்பட்டவர். சிறு ஃபிளாஷ்களில் வலிமையைக் குறைக்கக் குறைக்க மின்னலின் ஆயுளும் குறைவதால், துள்ளும் காலை உறையவைக்க விளக்கை மிக மங்கலாக வைத்து அருகில் கொண்டுவருவதே நலம்.

மாலைச் சூரியன் லால் தேவளின் செங்கல்லைப் பொன்னாக்கும்போது ஃபிளாஷின் வெண்மை உடம்பில் நீலம் பூசினாற்போல் உறுத்தும். விளக்கின் முகத்தில் ஓர் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் இரண்டும் இணங்கிவிடும். காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரமாகிவிடும் என்பதால் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டவேண்டும். மழைமாதங்களில் மேகமே வானளாவிய சாஃப்ட்பாக்ஸாகிவிடுகிறது. ஆயினும் மின்சாரமும் ஈரமும் சேர்ந்திருக்கும் இடத்தில் துணிச்சல் காட்டுவது விவேகமன்று. பாசறைப் பகுதியாகையால் ராணுவக் கட்டடங்களுக்கு அருகே காமிராவைத் தூக்கவே கூடாது. மற்ற இடங்களிலும் முன்கூட்டி அனுமதி கேட்டுவைத்தல் உத்தமம்.

படம் எடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பு சில தண்டால் எடுப்பதும், தோலில் சிறிது எண்ணெய் தடவுவதும், கிளிசரினும் நீரும் கலந்து தெளித்து வியர்வையைப் போலி செய்வதும் வழக்கத்தில் உள்ளன. அவற்றை நான் குறைகூறமாட்டேன். தோல் ஒட்டித் தசை தெரியவேண்டுமென்று முதல்நாள் முதலே தண்ணீர் குடியாதிருக்கும் வழக்கத்தை மட்டும் சம்மதிக்க முடியவில்லை. உழைப்பால் வாராத கோட்டைத் தாகத்தால் வரவழைப்பது தேகத்துக்குச் செய்யும் துரோகம். விளக்கை ஒரு சாண் பின்னால் நகர்த்தினாலே அந்தக் கோடு பாதி வந்துவிடும்.

ரேஸ் கோர்ஸில் தினந்தோறும் நடக்கும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவரைப் படமெடுக்கும்போது இந்த விளக்குகளின் இடமெல்லாம் மாறிப்போகும். பக்கவாட்டில் கடுமையாக விழும் ஒளி அவர் சருமத்தின் சுருக்கங்களையே பெரிதாக்குமாதலால், பெரிய விளக்கு முன்பக்கம் நகர்ந்து முகத்துக்குச் சற்று மேலே நிற்கும். பின்னால் உள்ள சிறு விளக்கு நரைத்த தலையையும், இன்னும் இறுக்கம் குறையாத முன்கையையும் மட்டும் தொட்டுக் காட்டும். ஷட்டரைச் சற்று மெதுவாக்கி, காலைப் பனியில் மங்கும் மரங்களுக்கும் படத்தில் இடம்விடுவார்கள். இருபத்தைந்து வயதுப் பயில்வான்களைக் காட்டிலும் இத்தகையவர்களையே நான் அதிகம் பார்க்க விரும்புகிறேன். படமெடுப்பவர்களில் சிலரும் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள்.