பழைய பலகை: செப்பனிடுவதா, மாற்றுவதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்னும் பகுதி உள்ளது. அங்குப் பல வீடுகளின் புறச்சுவர் மரத்தால் ஆனது. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய பலகைகளைக் கிடையாக அறைகிறார்கள். மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலையை மூடி நிற்கும். மீனின் செதில்களை ஒத்த இவ்வமைப்பினால் மழைநீர் உட்புகாது வழிந்தோடுகிறது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து டெடம் என்னும் ஊரில் 1641-ஆம் ஆண்டளவில் எழுந்த ஃபேர்பாங்க்ஸ் இல்லத்தின் மரச்சட்டகம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

இத்தகைய வீட்டின் பலகைகள் முதுமையுறும்போது அவற்றைச் செப்பனிடுவதா, முற்றும் மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. தவறாக முடிவு செய்தால் பணமும் வீணாகும். நாளடைவில் வீடும் கெடும். விடை காணும் வழியை மாணவ நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதுமை வேறு, அழுகல் வேறு. மரத்திழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளைக் கதிரொளி சிதைக்கிறது; மழை அதனைக் கழுவுகிறது. அதனால் பலகை நரைக்கிறது. ஊசியிலை மரங்களில் இத்தேய்வு நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். எனவே நரை கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அழுகலோ பூஞ்சையின் வேலை. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்கும்வரை அது அழுகுவதில்லை. ஆகவே அழுகிய பலகையைக் கண்டதும், 'தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வேண்டும். கூரையின் நீர்த்தாரை உடைந்திருக்கலாம். சன்னலோரம் விரிசல் கண்டிருக்கலாம். தோட்டத்து மண் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அக்குறையைக் களையாமல் அறையும் புதுப்பலகையும் அழுகத்தான் செய்யும்.

அடுத்து, ஒவ்வொரு பலகையையும் கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எளிதில் இறங்காவிடின் மரம் உறுதியானது. சுரண்டி வண்ணம் பூசினால் போதும். சிறிதளவே இற்றிருந்தால் அப்பகுதியை அறுத்தெடுத்து ஒட்டு வைக்கலாம். நெடுக இற்றதை மட்டும் மாற்றலாம். ஆனால் 1978-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வீடுகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதால், உரிய சோதனையும் பாதுகாப்பும் இன்றிச் சுரண்டலாகாது.

பழைய பலகையைக் காக்க வேறொரு காரணமும் உண்டு. அடர்ந்த காட்டில் மெல்ல வளர்ந்த முதுமரத்தின் வளையங்கள் நெருக்கமானவை. அதில் அழுகலைத் தாங்கும் வைரப்பகுதி மிகுதி. விரைவில் வளர்த்து வெட்டும் இக்காலத் தோட்டமரத்தில் அப்பகுதி குறைவு.

சிலர் பழைய பலகைகளின்மேல் வினைல் என்னும் பிளாஸ்டிக் தகடுகளைப் போர்த்திவிடுகிறார்கள். வண்ணச் செலவு மிச்சந்தான். ஆயினும் உள்ளே நீர் கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியாது; சட்டகமே இற்ற பின்னர்தான் செய்தி வெளிவரும்.

சுவர் முழுவதும் இற்று, ஆணியும் பிடிக்காத நிலை வந்தால் முற்றும் மாற்றுவதே முறை. அப்போதும் பலகையின் முன்புறத்தோடு பின்புறத்திற்கும், அறுத்த முனைகளுக்கும் வண்ணம் பூசியே அறைய வேண்டும். நீர் மிக எளிதாக நுழையும் வாயில் அம்முனைகளே.