உண்ணப்பட்ட இலையும் உயிருள்ள தோட்டமும்

வீட்டுத் தோட்டம் பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உறைவிடமாக வேண்டுமெனில், அதில் மலர்கள் நிறைந்திருந்தால் போதும் என்பது பொதுவான கருத்து. இது பாதியளவே உண்மையாகும். மலரின் தேன் வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்கு உணவு. அதன் புழுவுக்கோ இலையே உணவு. ஆகவே, ஒரு தோட்டத்தின் பயனை அதன் மலர்களைக் கொண்டு மட்டுமன்றி, இலைகளைக் கொண்டும் நாம் மதிப்பிட வேண்டும்.

தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும்பொருட்டு இலைகளில் கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைக்கின்றன. ஒரு நிலப்பகுதியின் பூச்சிகள் நெடுங்காலமாக அந்நிலத்துத் தாவரங்களோடு வாழ்ந்து, அவற்றுள் சிலவற்றின் நஞ்சை மட்டுமே தாங்கப் பழகியுள்ளன. வெந்தய வரியன் எருக்கிலையிலும், சிவப்புடல் அழகி ஆடுதின்னாப்பாளையிலும், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையிலும் முட்டையிடுவது இதனாலேயே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூச் செடி கண்ணுக்கு இனியது. எனினும் இப்புழுக்களுக்கு அதன் இலை உணவன்று.

இதன் விளைவு பறவைகளையும் சாரும். தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும், தேன் பருகும் தேன்சிட்டுங்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையும் ஊட்டுகின்றன. புழுவற்ற தோட்டத்தில் கூடு இருக்கலாம். குஞ்சு பிழைப்பது அரிது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, புழுக்களை நம்பி வாழும் அவ்விடத்துச் சிறுபறவை ஒன்று நிலைபெறத் தோட்டத் தாவரத் திரளில் ஏறத்தாழ 70 விழுக்காடு அம்மண்ணுக்குரியதாய் இருத்தல் வேண்டுமெனக் கண்டது. அவ்வளவு நமக்கு அப்படியே பொருந்தும் எனக் கூறவியலாது. அதன் காரணமோ எங்கும் பொதுவானதே.

ஆலய வளாகத்திலும் போதகர் இல்லத்திலும் நாம் செய்யத்தக்கவை எளியவை. நீரில்லா மூலையில் ஆவிரையையும், வேலியோரத்தில் எருக்கையும் விட்டுவைக்கலாம். எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கு செய்யுமாதலால், அது சிறுவர் விளையாடும் இடத்திற்கு அப்பால் இருத்தல் நலம். ஆடுதின்னாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சுடையது; அதனை மருந்தென உட்கொள்ளலாகாது. கறிவேப்பிலைக் கன்றுகள் இரண்டினை நட்டு, ஒன்றை அடுக்களைக்கும் மற்றொன்றைப் புழுக்களுக்கும் ஒதுக்கலாம்.

இலையில் துளை கண்டவுடன் பூச்சிமருந்தை நாடுவது நம் வழக்கம். பறவையின் எச்சம்போல் இலைமேல் தோன்றுவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கக்கூடும். மருந்தைத் தெளிக்குமுன் சற்றே குனிந்து நோக்குவோமாக.