உறங்கும் சந்தையும் உறங்காத உலகமும்

நாணயச் சந்தை இரவு பகலாக இயங்குவது. ஆயினும் நியூயார்க் நேரப்படி வெள்ளி மாலை 5 மணிக்கு அடைபட்டு, ஞாயிறு மாலை 5 மணிக்கே மீண்டும் திறக்கும். அவ்விரு நாளும் சந்தை உறங்கும்; உலகம் உறங்குவதில்லை.

1985 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் நியூயார்க் பிளாசா ஓட்டலில் கூடி, டாலரின் மதிப்பைக் குறைக்க இசைந்தனர். மறுநாளே டாலர் ஏறத்தாழ 4 விழுக்காடு சரிந்தது. அது உயருமென நம்பி, வெள்ளியன்று கணக்கை முடிக்காது விட்டவர் கதி என்ன?

"இன்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடுக" என முன்னரே ஆணையிட்டு வைப்போர் உண்டு. விலை படிப்படியாக இறங்கினால் அவ்வாணை காக்கும். படிகளைத் தாண்டிக் குதித்தாலோ, விழுந்த இடத்து விலையே கிட்டும். முன்பணத்தைப்போல் 50 மடங்குக்கு வணிகம் செய்தவருக்கு 2 விழுக்காட்டுச் சரிவிலேயே முன்பணம் முழுவதும் அழியும். 4 விழுக்காடாயின் அதே அளவு கடனும் சேரும்.

நாணய மாற்று கைக்குக் கை, அவ்விடத்திலேயே முடிதல் வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. கொடுக்கல் வாங்கல் அன்றே தீர்ந்துவிட்டால், நாளைய விலை எவரையும் கடனாளியாக்காது. கடனை அடைக்க வழி வைக்காது இறந்தவருக்கு, அக்கடனை ஒருவர் ஏற்கும்வரை ஜனாஸாத் தொழுகை நடத்த அண்ணலார் முன்வரவில்லை என்பதும் நாம் அறிந்ததே.

அன்பர்களே! வெள்ளியன்று பள்ளிவாசலுக்குப் புறப்படுமுன் நம் கணக்கைத் தீர்த்துவிட்டோமா?